அருங்காட்சியகத்தில் செய்முறைக் கூடமும் நேரடி அறிவியல் மேடையும்: எதை எடுப்பது, எப்படி நடத்துவது, எங்கே பிசகும்

கேள்வி இதுதான்: ஒரு அருங்காட்சியகத்தில் 24 பேர் உட்கார்ந்து தாங்களே சோதனை செய்யும் கூடம் ஒன்றும், 80 பேர் பார்க்கும் சிறு மேடை ஒன்றும் தொடங்கப்போகிறார்கள். என்ன சோதனைகள், எவ்வளவு பொருள், எத்தனை ஆட்கள், எதெல்லாம் கெட்டுப்போகும்?

முதலில் கூடத்தையும் மேடையையும் மனத்தில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மேடை மரபு பழையது. லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் மைக்கேல் ஃபாரடே 1825இல் தொடங்கிவைத்த கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளும், 1937இல் பாரிஸில் திறக்கப்பட்ட பாலே த லா டெகூவெர்த் அறிவியல் அருங்காட்சியகமும் அந்த வழியில் வந்தவை. தெரிந்தவர் செய்துகாட்டுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அருங்காட்சியகம் வேறு வழியில் போனது. அங்கே வருபவரின் கைதான் வேலை செய்யும். மேடைக்கு ஏற்றது கூடத்துக்கு ஆபத்தாக இருக்கலாம். கூடத்தில் அருமையாக ஓடுவது மேடையில் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகலாம். சோதனைகளைப் பட்டியல் போட்டுவிட்டுப் பிறகு இடம் தேடுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. எது கைக்கு, எது கண்ணுக்கு என்று முதல் நாளிலேயே பிரித்துவிடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. முடிவைக் காட்டுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று பார்வையாளர் தாமே சொல்லியிருக்க வேண்டும். இது வெறும் உபசாரம் இல்லை. 2004இல் ஹார்வர்டில் எரிக் மசூரும் அவர் குழுவினரும் இயற்பியல் வகுப்புச் செய்முறைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செய்முறையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. முன்கூட்டியே கணிப்புச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களிடம்தான் வேறுபாடு தெரிந்தது. மேடையில் கையைத் தூக்கச் சொல்லி வாக்கெடுத்தால் போதும், அரை நிமிடம்தான் ஆகும். கூடத்தில் ஒரு துண்டுத்தாளில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நேரம் போதவில்லை என்று நடத்துபவர்கள் முதலில் வெட்டுவது இந்த அரை நிமிடத்தைத்தான். வெட்ட வேண்டியது பின்னால் வரும் நீளமான விளக்கம்.

இனி கூடம். அங்கே வைக்கும் சோதனையிடம் நான்கு விஷயங்களை எதிர்பார்க்கிறேன்: பத்து நிமிடத்துக்குள் ஏதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், தவறாகச் செய்தாலும் அந்தத் தவறிலிருந்து ஏதாவது தெரிய வேண்டும், இரண்டு பேர் கால் மணி நேரத்தில் மேசைகளை அடுத்த குழுவுக்குத் தயார்செய்ய முடிய வேண்டும், கழிவைச் சிக்கலில்லாமல் அப்புறப்படுத்த முடிய வேண்டும். மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஒரு முறை அழகாக வரும் சோதனை, ஒரே நாளில் ஐந்தாம் முறை செய்யும்போது ஈரத்துணியும் உடைந்த கண்ணாடியுமாக நிற்கும்.

இந்த நான்குக்கும் நன்றாகப் பொருந்துவது ஆல்ஜினேட் மணிகள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் நீரில் கரைந்து கெட்டிப் பாகாக நிற்கும். அதைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டைச் சுற்றியும் அந்தக் கணமே ஒரு தோல் உருவாகி மணியாகிவிடும். சோடியம் அயனிக்கு ஒரே ஒரு நேர்மின்னூட்டம், கால்சியத்துக்கு இரண்டு. அதனால் கால்சியம் பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு சங்கிலிகளைப் பிடித்து இணைக்கிறது. வேதியியல் இவ்வளவுதான்.

அளவு: ஆல்ஜினேட் லிட்டருக்கு 20 கிராம், கால்சியம் குளோரைடு லிட்டருக்கு 10 கிராம். இருவருக்கு ஒரு தொகுப்பு என்றால் 24 பேருக்கு 12 தொகுப்பு. தொகுப்புக்கு 30 மி.லி. ஆல்ஜினேட், 150 மி.லி. கால்சியக் கரைசல். நாளுக்கு ஐந்து அமர்வு நடத்தினால் ஆல்ஜினேட் 1.8 லிட்டர் செலவாகும். சிந்துவதையும் சேர்த்து 2.5 லிட்டர் கலந்துவையுங்கள், அதற்கு 50 கிராம் தூள். கால்சியக் கரைசலை இரண்டு அமர்வுக்கு ஒரு முறை மாற்றினால் போதும், ஆறு லிட்டர் தாராளம். கடையில் கிடைக்கும் கால்சியம் குளோரைடில் நீரற்ற வகையும் உண்டு, இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வகையும் உண்டு. இரண்டாவது கிடைத்தால் எடையை மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். நீரற்ற வகை கரையும்போது நன்றாகச் சூடாகும். அதைக் கலப்பது ஊழியர் வேலை, பார்வையாளர் முன்னால் வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. ஆல்ஜினேட்டைக் குழாய் நீரில் கலந்தால், அந்த நீரிலேயே கால்சியம் இருப்பதால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். தூளை மொத்தமாகக் கொட்டினால் வெளியே கூழும் உள்ளே உலர்ந்த தூளுமாக உருண்டைகள் வரும். நீரைக் கலக்கியால் சுழற்றிக்கொண்டே தூளைத் தூவ வேண்டும். கலந்ததும் அது நுரைத்திருக்கும். குமிழ் உள்ள சொட்டு மூழ்காமல் மிதக்கும். முந்தைய நாளே கலந்து இரவு முழுக்க வைத்துவிட்டால் குமிழ்கள் தானே வெளியேறிவிடும். சொட்டுக்குழாயின் முனை கால்சியக் கரைசலைத் தொட்டதோ, முனையிலேயே கூழ் உறைந்து அடைத்துக்கொள்ளும். பத்து செ.மீ. மேலே பிடித்து விடச் சொல்லுங்கள், மேசைக்கு ஒரு உதிரிச் சொட்டுக்குழாய் வையுங்கள். மணிகளைத் தொட்டியில் கொட்டவே கூடாது, வடிகுழாய் அடைக்கும். வடிகட்டியில் எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

மணி செய்வதோடு நிறுத்திவிட்டால் இது வெறும் விளையாட்டுதான். இதைச் சோதனையாக்குவது இரண்டாம் பாதி. ஒரு கிண்ணத்தில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் அதே அளவு சாதாரண உப்புக் கரைசல், எது எது என்று சொல்லாமல் வையுங்கள். ஒன்றில் மணி வரும், மற்றொன்றில் வராது. பிறகு மணிகளைப் பத்து நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஊறவிட்டுக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். முதலாவதில் திரவம் வழியும், கடைசி மணி வெகு ஆழம் வரை இறுகியிருக்கும். கால்சியம் வெளியிலிருந்து உள்ளே நுழைய நேரம் எடுக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, வெட்டு முகத்திலேயே தெரியும். நேரம் மிச்சமிருந்தால் சில மணிகளைச் சோடியம் சிட்ரேட் கரைசலில் போடுங்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பறித்துக்கொள்வதால் மணி மெல்ல இளகிக் கரையும். செய்ததை மறுபடி அவிழ்த்துப் பார்க்க முடிகிறது என்பது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

எல்லா அருங்காட்சியகங்களும் செய்யும் ஸ்ட்ராபெரி டிஎன்ஏ பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. வழிமுறை எளிது. 90 மி.லி. நீர், 10 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம், கால் தேக்கரண்டி உப்பு கலந்துகொள்ள வேண்டும். பழத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாகப் பிசைந்து, இந்தக் கலவையை 10 மி.லி. சேர்த்து, நுரைக்காமல் மெதுவாகப் புரட்டி, வடிதாளில் வடிக்க வேண்டும். வடிந்ததன் மேல், உறைவிப்பானில் வைத்துக் குளிர்ந்த 90 விழுக்காட்டுக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை அதே கொள்ளளவில் குழாயின் உள்சுவரோடு வழியவிட்டால், இரண்டு அடுக்குகள் சேரும் இடத்தில் வெள்ளை இழைகள் திரளும். பயிரிடும் ஸ்ட்ராபெரியில் குரோமோசோம் தொகுதிகள் எட்டு இருப்பதால் கிடைப்பதும் தாராளம். ஆல்கஹால் வெதுவெதுப்பாக இருந்தாலும், 70 விழுக்காட்டுக் கிருமிநாசினி வகையாக இருந்தாலும் இழை சரியாக வராது. வேகமாக ஊற்றினால் அடுக்கு கலைந்து எல்லாம் கலங்கலாகிவிடும்.

பொய் எங்கே என்றால், குச்சியில் சுற்றி எடுக்கும் அந்தக் கொழகொழப்பு முழுக்க டிஎன்ஏ இல்லை. பழத்தின் பெக்டினும் ஆல்கஹாலில் அப்படித்தான் திரளும், கூடவே புரதமும் வரும். “இதோ உன் கையில் தூய டிஎன்ஏ” என்று சொல்லாமல், “இதில் டிஎன்ஏ இருக்கிறது, வேறு பொருள்களும் இருக்கின்றன, எப்படிப் பிரிக்கலாம்?” என்று கேட்டால் சோதனை ஒரு படி உயரும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். சோதனைக்குழாய்க்கு வேண்டியதை மட்டும் சிறு குப்பிகளில் பிரித்து வையுங்கள், பெரிய புட்டி கூடத்துக்குள் வரவே கூடாது.

நுண்ணோக்கி வைப்பதாக இருந்தால் 40 மடங்குப் பொருளருகு வில்லையைக் கழற்றி வைத்துவிடுங்கள். அந்த வில்லைக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பழக்கமில்லாதவர் பெரிய குமிழைத் திருப்பினால் தகடு நொறுங்கும், வில்லை கீறும். 4, 10 மடங்கு வில்லைகள் போதும். முதல் முறை பார்ப்பவருக்கு இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கியே மேல்: கைவிரல், துணி, உப்புப் பரல் என்று எதையும் அப்படியே கீழே வைத்துப் பார்க்கலாம்.

மின்சுற்று மேசையில் பொத்தான் மின்கலம் வேண்டவே வேண்டாம். சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, அங்கே ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் காரம் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே திசுவை அரித்துவிடக்கூடும். இரண்டு ஏஏ மின்கலம் வைத்த 3 வோல்ட் பெட்டி அதே வேலையைச் செய்யும். நியோடிமியம் காந்தங்களும் அப்படித்தான். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடல் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பெரிய ஃபெரைட் காந்தம் வையுங்கள். லேசர் என்றால் இரண்டாம் வகுப்பு, அதாவது ஒரு மில்லிவாட்டுக்குள். மலிவான பச்சை லேசர்களில் ஒட்டியிருக்கும் சீட்டை நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சேர்த்து, எழுதியிருப்பதைவிடப் பல மடங்கு வெளிவிடுபவை உண்டு.

இடத்தைப் பொறுத்தவரை, சக்கர நாற்காலியில் வருபவர் உட்கார மேசையின் மேற்பரப்பு 71 முதல் 86 செ.மீ. உயரத்திலும், அடியில் முழங்காலுக்கு ஏறத்தாழ 69 செ.மீ. காலியாகவும் இருக்க வேண்டும். ஒரே ஒரு மேசையை மட்டும் அப்படிச் செய்துவிட்டு மூலையில் போடாதீர்கள், எல்லாமே அந்த உயரத்தில் இருந்தால் யாருக்கும் குறையில்லை. கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும், லேட்டெக்ஸ் ஒவ்வாதவர்கள் இருப்பார்கள். பாதுகாப்புக் கண்ணாடியில் குழந்தை அளவும் வாங்குங்கள்; பெரியவர் அளவு நழுவி மூக்கில் நிற்கும்போது அது கண்ணைக் காக்காது. அமிலமோ காரமோ இருக்கும் கூடத்தில் கண் கழுவும் அமைப்பு பத்து நொடி நடையில் இருக்க வேண்டும், பதினைந்து நிமிடம் தொடர்ந்து நீர் வர வேண்டும்.

மேடைக்கு வருவோம். எல்லாரும் கேட்பது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அது கையில் தெறித்து உருண்டோடும் ஒரு சொட்டைப் பற்றி மக்கள் பயப்படுவார்கள். நடத்துபவர் பயப்பட வேண்டியது மூச்சுக்காற்றை. ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீ. நீளம், 9 மீ. அகலம், 4 மீ. உயரமுள்ள அரங்கின் கொள்ளளவு 432 கன மீட்டர். அதில் 4 லிட்டர் முழுவதும் ஆவியானால் 2.8 கன மீட்டர் நைட்ரஜன் சேரும், ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 20.8க்கு இறங்கும், கவலையில்லை. அதே 4 லிட்டர் 10 கன மீட்டர் சேமிப்பறையில் கொட்டினால் ஆக்சிஜன் 15 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். 19.5க்குக் கீழே போனாலே எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆக ஆபத்து மேடையில் இல்லை, பின்னறையில் இருக்கிறது. மின்தூக்கியிலும் இருக்கிறது: கொள்கலனோடு ஆள் ஏறக்கூடாது. கொள்கலனைத் தனியாக அனுப்பிவிட்டு மேல்தளத்தில் இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இடைத்தளத்தில் யாரும் ஏறாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆக்சிஜன் உணரியைச் சேமிப்பறையில் வையுங்கள். குளிர்ந்த வாயு கனமானது, தரையோடு தங்கும். உணரி கூரையில் இருந்து பயனில்லை.

பதினைந்து நிமிடக் காட்சிக்கு 3, 4 லிட்டர் போதும். தளர்வான மூடி உள்ள டிவார் குடுவையில் (குளிர் காக்கும் இரட்டைச் சுவர்க் குடுவை) எடுத்து வந்து, அகன்ற நுரைப்பலகைப் பெட்டியில் ஊற்றிப் பயன்படுத்துங்கள். எந்தப் பாத்திரத்தையும் இறுக மூடக்கூடாது, வேடிக்கைக்குக்கூட. கையுறை தளர்வாக, உதறினால் கழன்று விழுவதாக இருக்க வேண்டும். துணிக் கையுறை திரவத்தை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கு வெறுங்கையே மேல். கால்சட்டை காலணிக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே செருகினால் சிந்தியது காலணிக்குள் தேங்கும். மேடைத் தரை வினைல் விரிப்பாக இருந்தால் ஊற்றும் இடத்தில் மரப்பலகை போடுங்கள், இல்லாவிட்டால் விரிப்பு வெடித்துக் கீறும்.

பூவை உறையவைத்து நொறுக்குவது எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். அதைவிடப் பலூன் நல்ல கேள்வி. ஊதிய பலூனை திரவத்தில் அமிழ்த்தினால் என்னவாகும் என்று கேளுங்கள். “வெடிக்கும்” என்று பலர் கை தூக்குவார்கள். அது சுருங்கி, கடைசியில் தட்டையான தோலாகிவிடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், கெல்வினில் 300லிருந்து 77க்கு வரும்போது கொள்ளளவு கால் பங்காகத்தான் குறைய வேண்டும். ஆனால் பலூனில் அவ்வளவுகூட மிஞ்சாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் காற்றே திரவமாகிறது. ஆக்சிஜன் மைனஸ் 183லேயே திரவமாகிவிடும். எடுத்த உடனே பலூனை விளக்குக்கு எதிரே பிடித்தால் அடியில் தேங்கி ஆடும் திரவம் தெரியும். வெளிர் நிறப் பலூன் வேண்டும், அடர் நிறத்தில் தெரியாது. பின்வரிசையில் இருப்பவருக்குக் கேமரா வழியாகத் திரையில் காட்டுங்கள். பலூன் மறுபடி பெருக்கும்போது பேசாமல் நிற்பது நல்லது, அந்தக் காட்சிக்கு வர்ணனை தேவையில்லை.

வான் டி கிராஃப் மின்னாக்கி, அதாவது முடி நிமிர்த்தும் கோளம், மழைக்காலத்தில் மானத்தை வாங்கும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் மின்னூட்டம் கோளத்தில் நிற்காமல், ஈரம் படிந்த தாங்குகுழாய் வழியாகவும் அதற்குள் ஓடும் பட்டை வழியாகவும் கசிந்துவிடும். காட்சிக்கு முன் தாங்குகுழாயையும் கோளத்தையும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு, பட்டைக்கு முடி உலர்த்தியால் சில நிமிடம் வெதுவெதுப்பான காற்று காட்டுங்கள். அரங்கில் ஈரம் நீக்கும் கருவி இருந்தால் 40, 50 விழுக்காட்டில் வையுங்கள். கோளத்தில் தூசியோ நூலோ ஒட்டியிருந்தால் அந்தக் கூர்முனையிலிருந்தே மின்னூட்டம் வெளியேறும். 80 பேரின் மூச்சே அரங்கின் ஈரத்தை உயர்த்தும் என்பதால் இந்தக் காட்சியை நிகழ்ச்சியின் முதல் பகுதியிலேயே வைத்துவிடுங்கள்.

பார்வையாளரை மேலேற்றும் ஒழுங்கு மாறக்கூடாது. இயந்திரம் நின்றிருக்க, கோளத்தின் மின்னூட்டம் இறக்கப்பட்டிருக்க, அவர் உலர்ந்த பிளாஸ்டிக் பீடத்தில் ஏறி உள்ளங்கையைக் கோளத்தில் பதிக்க வேண்டும். அதற்குப் பிறகே இயக்க வேண்டும். முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, தரையோடு இணைத்த கோலைக் கோளத்தில் தொட்டு மின்னூட்டத்தை இறக்கிய பிறகே அவர் கையை எடுக்க வேண்டும். நடுவில் கையை எடுத்துவிட்டு நண்பரைத் தொடுபவர்தான் அலறுவார். 25 செ.மீ. விட்டமுள்ள கோளம் கோட்பாட்டளவில் 375 கிலோவோல்ட் வரை தாங்கும். சேமிக்கும் ஆற்றலோ ஒரு ஜூல் அளவுதான். சுருக்கென்று வலிக்கும், அவ்வளவே. ஆனால் லெய்டன் குடுவை போன்ற மின்தேக்கியை அதோடு இணைத்தால் கணக்கே மாறிவிடும், பார்வையாளர் பக்கத்தில் அது வேண்டாம். இதய முடுக்கி, காது உள்வைப்பு, இன்சுலின் பம்பு உள்ளவர்கள் அருகில் வரக்கூடாது என்பதைக் காட்சி தொடங்கும்போதே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். ஒருவரை மேடைக்கு அழைத்துவிட்டு நாலு பேர் முன்னால் இதைக் கேட்பது நாகரிகமில்லை. முடி மெல்லியதாக, உலர்ந்து, எண்ணெய் இல்லாமல் இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினியும் கம்பியில்லா ஒலிவாங்கியின் ஏற்பியும் சில மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மெத்தனாலை வைத்து வண்ணச் சுடரும் நெருப்புச் சூறாவளியும் காட்டுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ரெனோ நகர அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் அப்படிப்பட்ட காட்சியின்போது தீ பாய்ந்து 13 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மெத்தனால் 11 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும், அதன் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் புட்டியிலிருந்து மறுபடி ஊற்றும்போது சுடர் ஆவி வழியாகப் புட்டிக்குள் ஏறி, வாயிலிருந்து பீறிட்டு முன்வரிசை வரை பாயும். வண்ணச் சுடர்தான் வேண்டுமென்றால், அந்தந்த நிறம் தரும் உலோக உப்பின் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியை வாயு அடுப்புச் சுடரில் காட்டுங்கள், அதே நிறம் வரும். ஹைட்ரஜன் பலூனோடு ஆக்சிஜனைக் கலப்பதையும் மூடிய அரங்கில் விட்டுவிடுங்கள், காதுகளுக்காக.

“யானைப் பற்பசை” எனும் நுரைக் காட்சியில் பெரிய சிக்கல் அடர்த்தி. 30 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு தோலைச் சுடும், கண்ணைக் கெடுக்கும். அது மேடையில், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்தவர் கையில் மட்டும். கூடத்தில் 3 விழுக்காடு போதும். அதன் 100 மி.லி. ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆக்சிஜன் தரும், குறுகிய வாயுள்ள புட்டியிலிருந்து நுரை வழிய அது தாராளம். பெராக்சைடில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் கரைத்துச் சேர்க்க வேண்டும். நீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் பெராக்சைடைச் சிதைக்கும், ஈஸ்டில் உள்ள கேட்டலேஸ் நொதி கெட்டு எதுவும் நடக்காது. நுரை வரவில்லை என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறியிருப்பார்கள், அல்லது பெராக்சைடு புட்டி திறந்து மாதக்கணக்காகியிருக்கும்.

காட்சி சரியாக நடந்தும் விளக்கம் தப்பாகப் போவதுதான் இந்தத் தொழிலில் அதிகம். தட்டில் நீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த குவளை. சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. “ஆக்சிஜன் தீர்ந்தது, அதன் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை நீர் பிடித்தது” என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். தவறு. சுடர் அணையும்போதும் உள்ளே ஆக்சிஜன் பெருமளவு மிச்சமிருக்கும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்திருக்கும். குவளையைக் கவிழ்க்கும்போது சூடான காற்று விரிந்து வெளியேறுகிறது, சில சமயம் விளிம்பில் குமிழே தெரியும். அணைந்த பிறகு உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது.

இதை நீங்கள் சொல்ல வேண்டாம், காட்டுங்கள். ஒரே மாதிரி இரண்டு குவளை, ஒன்றில் ஒரு மெழுகுவர்த்தி, மற்றதில் மூன்று. ஆக்சிஜன்தான் காரணமென்றால் நீர் இரண்டிலும் ஒரே உயரம் ஏற வேண்டும் அல்லவா? வாக்கெடுங்கள். மூன்று உள்ளதில் நீர் தெளிவாக உயரே நிற்கும். பிறகு இன்னொரு முறை செய்து, நீர் எப்போது ஏறுகிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: சுடர் எரியும்போது அநேகமாக அசையாது, அணைந்ததும் விறுவிறுவென்று ஏறும். நீருக்கு நிறம் சேர்த்து, குவளையில் கோடுகள் ஒட்டிவைத்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். செலவில்லாத இந்தக் காட்சி திரவ நைட்ரஜனைவிட அதிக நேரம் விவாதத்தை இழுக்கும்.

ஆட்கள். மேடைக்கு இரண்டு பேர்: ஒருவர் பேசிச் செய்வார், மற்றவர் பேசமாட்டார், தீயணைப்பானுக்கும் விளக்குக்கும் முன்வரிசைக்கும் பொறுப்பு. காட்சியை நிறுத்தும் அதிகாரம் பேசாதவரிடம் இருக்க வேண்டும், பேசுபவர் கூட்டத்தின் கைதட்டலில் மிதந்துகொண்டிருப்பார். முன்வரிசை செய்முறை மேசையிலிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், சுடரோ தெறிப்போ இருந்தால் இன்னும் தள்ளி. கூடத்துக்கு 24 பேருக்கு மூன்று விளக்குநர்கள் வசதி, இரண்டு பேர் என்றால் இழுபறி. ஒருவர் எப்போதும் கழுவும் தொட்டிப் பக்கம் போயிருப்பார்.

விளக்குநர் பயிற்சியில் நான் முதலிடம் தருவது அறிவியலுக்கு இல்லை, மௌனத்துக்கு. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். புதிய விளக்குநருக்கு அந்த மூன்று நொடி யுகமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணச் சொல்லிக் கொடுங்கள். அடுத்தது, குழந்தையின் கையிலிருந்து சொட்டுக்குழாயை வாங்கிச் செய்துகாட்டாமல் இருப்பது. பெற்றோரும் அதைத்தான் செய்வார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்துவிடுங்கள், நேரம் குறிப்பது, முடிவை எழுதுவது என்று. கை தானாக விலகிவிடும்.

தொடக்கத்தில் ஆறு பேரை வைத்து அட்டைப்பெட்டியும் காகிதக் கிண்ணமுமாக ஓட்டிப் பாருங்கள். எங்கே தயங்குகிறார்கள், எந்த வரியைப் படிக்காமல் தாண்டுகிறார்கள் என்று பின்னால் நின்று குறித்துக்கொள்ளுங்கள், உதவிக்கு ஓடாதீர்கள். செய்முறைத் தாளில் ஒரு படிக்கு ஒரு வினைச்சொல் போதும், கரைசல்களுக்குப் பெயரோடு நிறச்சீட்டும் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத வயதினரும் நீலப் புட்டி, சிவப்புப் புட்டி என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக அதோடு ஒரு வட்டம், ஒரு முக்கோணம் சேர்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் என்ன உடைந்தது, என்ன தீர்ந்தது, யார் கேட்ட எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று ஒரு நோட்டில் மூன்று பத்திகளாக எழுதுங்கள். மூன்றாவது பத்தியைத்தான் வாரம் ஒருமுறை எல்லா விளக்குநர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்த மாதம் எந்தச் சோதனையைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்பது பெரும்பாலும் அந்தப் பத்தியிலிருந்தே முடிவாகும்.